உயில் எழுதப் போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வூதியர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வது வழக்கம். பட்டா, வாடகை, பென்ஷன் என்று எதைப் பேச வந்தவரும் எழுந்து போகும்போது வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, "அம்மா, இந்த உயில் விஷயம்..." என்று ஆரம்பிப்பார். இத்தனை ஆண்டுகளில் கேட்ட சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் தமிழ்நாட்டு இந்துக் குடும்பங்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு உள்ள வேறுபாடு பின்னால் வருகிறது.

இருக்கிறது ஒரு வீடு, கொஞ்சம் டெபாசிட். எனக்கெல்லாம் எதுக்கும்மா உயில்?

நீங்கள் எழுதாவிட்டால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்காகப் பிரித்துக் கொடுக்கும். ஆண் ஒருவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவரைப் பெற்ற தாய் எல்லாருக்கும் சமபங்கு. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா என்றால் ஆளுக்குக் கால் பங்கு. "எல்லாம் என் வீட்டுக்காரிக்குத்தானே போகும்" என்று நம்பிக்கொண்டிருக்கும் பலர் இதைக் கேட்டதும் நாற்காலியில் திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள். முப்பது வருடம் குடியிருந்த வீட்டில் அந்த அம்மாவுக்குக் கால் பங்குதான். விற்கவோ கடன் வாங்கவோ நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இறந்தவரின் தந்தைக்கோ இந்த முதல் வரிசையில் இடமே இல்லை.

சொத்து சின்னது என்பதால் தகராறு வராது என்று எண்ண வேண்டாம். நான் பார்த்த கசப்பான வழக்குகள் பலவும் ஒற்றை வீட்டுக்காகத்தான். பத்து வீடு இருந்தால் பிரித்துக்கொள்வார்கள். ஒரு வீட்டை நடுவில் சுவர் எழுப்பித்தான் பிரிக்க முடியும்.

உயில் எழுதினா சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவோம்னு வீட்ல பயப்படுறாங்க. எந்த வயசுல எழுதறது சரி?

18 வயது நிரம்பி, தெளிந்த புத்தி இருந்தால் யாரும் எழுதலாம். எல்ஐசி பாலிசி எடுக்கும்போது இந்தப் பயம் வருவதில்லை. இதுவும் அதே மாதிரி ஒரு ஏற்பாடுதான். நடமாட்டமும் ஞாபகமும் நன்றாக இருக்கும் காலத்தில் எழுதுங்கள். நீதிமன்றத்தில் நான் அதிகம் போராட வேண்டியிருப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுதிய உயில்களுக்காகத்தான்.

ஸ்டாம்ப் பேப்பர் வாங்கணுமா? வக்கீல்தான் எழுதணுமா?

இரண்டும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தீர்வை கிடையாது. நீங்களே தமிழில் கைப்பட எழுதலாம், டைப் செய்யலாம். பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, தேதி, "என் சுயபுத்தியுடன், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதுகிறேன்" என்ற வாசகம், இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன் என்ற வாசகம், இவை முதலில் வரட்டும். பிறகு ஒவ்வொரு சொத்துக்கும் பத்திர எண், சர்வே எண், கதவு எண், நான்கெல்லை. யாருக்கு என்பதை முழுப்பெயர், உறவுமுறையோடு எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் போதாது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். கையெழுத்துப் போட முடியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம்.

"என் பிள்ளைகள் அனுசரித்துப் பிரித்துக்கொள்ளவும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எழுதியவர் பெருந்தன்மையோடுதான் எழுதியிருப்பார். ஆனால் யாருக்கு எது என்று அந்த வரி சொல்வதில்லை, அதனால் சண்டை அந்த வரியிலேயே தொடங்கிவிடுகிறது.

சாட்சி யாரைப் போடறது? தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் சரிதானே?

உயிலின் உயிரே இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63ஆம் பிரிவின்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது நான் போட்ட கையெழுத்து" என்று நீங்கள் அவர்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் உங்கள் கண்முன் கையெழுத்திட வேண்டும். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. பேரன் தாளை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தால் அந்த உயில் விழுந்துவிடும்.

பின்னாளில் உயிலை யாராவது மறுத்தால், இரண்டு சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வழக்கு. பெரியவர் தன்னோடு காலை நடைக்கு வரும் நண்பர்கள் இருவரைச் சாட்சியாகப் போட்டிருந்தார். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள். வழக்கு விசாரணைக்கு வந்தபோது சாட்சிகள் இருவருமே இல்லை. சாட்சியின் கையெழுத்தை அடையாளம் காட்டி நிரூபிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் பழைய பாஸ்புக், பழைய கடிதம் என்று தேடி அலைந்த அந்த ஆறு மாதத்தை நான் மறக்கவில்லை. ஆகவே உங்களைவிட இளையவர், விலாசம் மாறாதவர், உயிலால் ஆதாயம் இல்லாதவர் என்று பார்த்துப் போடுங்கள். எண்பதைத் தாண்டியவர் என்றால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே ஒரு சாட்சியாக இருப்பது பெரிய பலம்.

ரிஜிஸ்டர் பண்ணலேன்னா உயில் செல்லாதுங்கிறாங்களே?

செல்லும். உயிலைப் பதிவு செய்வது உங்கள் விருப்பம் என்றுதான் 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் நான் பதிவு செய்யத்தான் சொல்வேன். அசல் தொலைந்தாலும் நகல் எடுக்கலாம். எந்தத் தேதியில் எழுதினார், தானே வந்தாரா என்ற கேள்விகளும் அடங்கும். எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், சொத்து இருக்கும் ஊருக்கே போக வேண்டியதில்லை. படுக்கையில் இருப்பவர் தக்க காரணத்தோடு மனு கொடுத்தால் சார்பதிவாளர் வீட்டுக்கே வந்து பதிவு செய்யச் சட்டம் இடம் தருகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். பதிவு செய்ததனாலேயே உயில் உண்மையாகிவிடாது. மேலே சொன்ன சாட்சி விதி அப்படியே நிற்கும். சார்பதிவாளர் முன்னால் உங்களை அடையாளம் காட்ட வருகிறவர்கள் வேறு, உயிலுக்குச் சாட்சி போடுகிறவர்கள் வேறு. ஒரே இருவர் இரண்டையும் செய்யலாம், ஆனால் உயிலின் கடைசிப் பக்கத்தில் சாட்சி என்று தனியே கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

ரிஜிஸ்டர் பண்ணினா பசங்க ஈசி போட்டுப் பார்த்துடுவாங்களே?

பார்க்க முடியாது. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் தனியாகப் பதிவாகும். வில்லங்கச் சான்றில் வராது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நீங்களோ உங்கள் அதிகாரம் பெற்ற முகவரோ தவிர யாருக்கும் நகல் கொடுக்க மாட்டார்கள். இன்னும் ரகசியம் வேண்டுமென்றால், உறையில் இட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம்.

எழுதின பிறகு மனசு மாறினா?

எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் நிற்கும். பதிவு செய்த உயிலை, சரியாகச் சாட்சி போட்ட பதிவில்லாத உயிலால்கூட ரத்து செய்யலாம். சட்டம் அப்படி என்றாலும், பதிவு செய்ததைப் பதிவு செய்தே மாற்றுங்கள். பழைய பிரதியில் பேனாவால் அடித்துத் திருத்துவது மட்டும் வேண்டாம். அந்தத் திருத்தத்துக்கும் கையெழுத்தும் சாட்சியும் இல்லையென்றால் பயனில்லை.

பேங்க்ல நாமினி போட்டாச்சு. அப்புறம் உயில் எதுக்கு?

நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ள அனுமதி பெற்றவர். சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை. வாங்கிய பணம் உயில் சொல்கிறபடி, உயில் இல்லையென்றால் வாரிசுச் சட்டத்தின்படி சேர வேண்டும். பங்குகள், மியூச்சுவல் ஃபண்டு விஷயத்திலும் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் ஒரு மாறுதல்: 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினி போட்டால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தம்.

ஆகவே உயிலும் நாமினியும் ஒரே ஆளைச் சொல்லும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு நாமினி வரை போடலாம். கல்யாணத்துக்கு முன் அண்ணனை நாமினி போட்டு, அப்படியே விட்டவர்கள் எத்தனையோ பேர். இந்த வாரமே பாஸ்புக்கைப் புரட்டிப் பாருங்கள்.

அப்பா வழியா வந்த வீடு. பூர்வீகச் சொத்துக்கு உயில் எழுத முடியாதாமே?

"அப்பா வழி வந்ததெல்லாம் பூர்வீகம்" என்பது ஊர் வழக்கு, சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, 1956க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அதில் உங்களுக்கு ஒரு பங்கு வந்திருந்தால் அது உங்கள் தனிச்சொத்து. அதற்குத் தாராளமாக உயில் எழுதலாம்.

உண்மையிலேயே பிரிக்கப்படாத கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் உங்கள் பங்குக்கு மட்டும் எழுதலாம். அந்தப் பங்கைக் கணக்கிடும்போது மகள்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25இலேயே, அதற்கு முன் மணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை வந்துவிட்டது. 2005இல் மத்தியத் திருத்தம் மணமான மகள்களையும் சேர்த்தது. அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "சீர் செஞ்சாச்சு, அவளுக்குப் பங்கில்லை" என்ற பேச்சு எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது.

நான் விதவை, குழந்தை இல்லை. என் சம்பளத்துல வாங்கின ஃபிளாட் என் அம்மாவுக்குத்தானே போகும்?

போகாது. இந்தக் கேள்வியை ஒரு பெண் கேட்டால் அன்றைக்கே உயில் எழுத வைத்துத்தான் அனுப்புவேன். இந்துப் பெண் உயில் இல்லாமல் இறந்தால் முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையென்றால் அடுத்து கணவரின் வாரிசுகள். அவர்களும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய்தகப்பன். பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாதபோது, தகப்பன் வழிக்குத் திரும்பும். சொந்தச் சம்பாத்தியத்துக்கு அந்த விலக்கு இல்லை.

2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு. மணமான சில மாதங்களிலேயே கணவரை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்ட பெண். பிறந்த வீட்டார் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார், சேமித்தார், உயில் எழுதாமல் இறந்தார். அவரை வளர்த்து ஆளாக்கிய தாய் கேட்டும் கிடைக்கவில்லை; சேமிப்பு முழுவதும் கணவரின் சகோதரி பிள்ளைகளுக்குப் போனது. சட்டம் அப்படி இருக்கிறது, அனுதாபத்தால் மாற்ற முடியாது என்றது நீதிமன்றம். 2025 நவம்பரில் அதே நீதிமன்றம், பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று வேண்டுகோளே விடுத்தது.

வேலை பார்க்கும் பெண்களே, கணவர் உயிரோடிருந்தாலும் எழுதுங்கள். ஒரு பக்கம், இரண்டு சாட்சி, அவ்வளவுதான். நகைகளையும் சேருங்கள். "கல்லு அட்டிகை சின்னவளுக்குன்னு அம்மா வாயால சொன்னாங்க" என்பதற்குச் சாட்சி கிடையாது.

மகன், "உயில் வேண்டாம், செட்டில்மென்டா எழுதிக் குடுங்க"ங்கிறான். எது நல்லது?

செட்டில்மென்ட் பதிவான அன்றே சொத்து உங்கள் கையை விட்டுப் போய்விடும். உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் பேசும். அதுவரை விற்கலாம், அடமானம் வைக்கலாம், மாற்றி எழுதலாம். குடியிருக்கும் ஒரே வீட்டைச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு என் எதிரில் வந்து அழுதவர்கள் உண்டு.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆயுள் முழுதும் நான் குடியிருப்பேன், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பராமரிக்காவிட்டால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவின் கீழ் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனையைக் காட்ட முடியாவிட்டால் அந்த வழி அடைபடும்.

ஒரு பிள்ளைக்கு மட்டும் ஒண்ணும் எழுதாம விடலாமா? நாளைக்கு அவன் கேஸ் போட்டா?

தனிச்சொத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், யாரை வேண்டுமானாலும் விடலாம். ஆனால் நெருங்கிய வாரிசை விட்டுவிட்ட உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கை நடுங்கிய கையெழுத்து, ஆதாயம் அடைபவரே முன்நின்று எழுத வைத்தது, இயல்புக்கு மாறான பங்கீடு, இப்படிப்பட்ட சந்தேகங்களை உயிலைக் கொண்டுவருபவர்தான் போக்க வேண்டும் என்று ஐம்பதுகளின் கடைசியிலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. இன்றும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஆகவே காரணத்தை எழுதுங்கள். "மூத்த மகனுக்குத் தொழில் தொடங்க 2012இல் நிலம் விற்றுப் பணம் கொடுத்துவிட்டேன், அதனால் வீட்டில் அவருக்குப் பங்கு வைக்கவில்லை." இது போதும். வசவு வேண்டாம். உங்கள் கடைசி எழுத்தாக அந்தப் பிள்ளை படிக்கப்போவது அதைத்தான். எழுதும் நாளில், அதிகம் பெறுகிற பிள்ளை அந்த அறையில் இருக்கக் கூடாது. ஆட்டோ பிடித்துக் கொடுப்பதும் வேறு யாராவது இருக்கட்டும்.

மனைவி காலம் வரைக்கும் அவளுக்கு, அப்புறம் பேரனுக்குன்னு எழுதலாமா?

எழுதலாம். ஆயுள் உரிமை என்பார்கள். ஆனால் இதில் ஒரு முடிச்சு. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து, ஆயுளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தாலும், அவருடைய முழுச்சொத்தாகிவிடும் என்று 1977இல் துளசம்மா வழக்கில் தீர்ப்பு வந்தது. எந்த உயில் அதில் அடங்கும், எது அடங்காது என்று இன்றும் வழக்காடுகிறார்கள். இந்த மாதிரி உயிலை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டாமல் எழுத வேண்டாம். என் சொந்த அபிப்பிராயம்: மனைவிக்கு முழுதாகவே எழுதிவிடுங்கள்.

நான் எழுதி வச்ச ஆள் எனக்கு முன்னாடியே போயிட்டா?

அந்தப் பங்கு பொதுவாகச் செல்லாமல் போகும். அவர் உங்கள் மகனோ மகளோ பேரனோ ஆக இருந்து, அவர் வழியில் சந்ததி இருந்தால் மட்டும் அவர் பங்கு நிற்கும். அதனால் "அவர் இல்லையெனில் இன்னாருக்கு" என்று ஒரு வரி சேருங்கள். "இதில் குறிப்பிடாத, இனி சேரும் சொத்துகள் இன்னாருக்கு" என்று இன்னொரு வரி. எழுதிய மனையை நீங்களே விற்றுவிட்டால் அந்தப் பணம் தானாக அவருக்குப் போகாது. விற்ற அன்றே உயிலை மறுபடி பாருங்கள்.

எங்க பையன் மனவளர்ச்சி குன்றியவன். எங்களுக்கு அப்புறம் அவன் கதி?

அவர் பெயரில் நேரடியாக எழுதினால் அவரால் நிர்வகிக்க முடியாது. அண்ணன் பெயரில் எழுதி "பார்த்துக்கொள்" என்றால் அது நம்பிக்கை மட்டும்தான். உயிலின் வழியாகவே ஒரு அறக்கட்டளை ஏற்படுத்தி, சொத்தை அதில் வைத்து, அதன் வருமானம் அவர் செலவுக்கு என்று எழுதலாம். பொறுப்பாளர்களாக ஒருவருக்கு மேல் போடுங்கள், ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும். 18 வயதைக் கடந்தவருக்கும் பாதுகாவலர் வேண்டும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், மாவட்ட ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, நீங்கள் இருக்கும்போதே அந்த வேலையை முடியுங்கள்.

கண்தானம், உடல்தானம், சடங்கு வேண்டாம்னு உயில்ல எழுதினா போதுமா?

போதாது. உயிலைப் பிரித்துப் பார்ப்பது பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு. கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்யப் போவதும் வீட்டார்தான். இவற்றைத் தனித்தாளில் எழுதி, வீட்டில் எல்லாரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

"செயற்கை சுவாசத்தில் இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டாம்" என்ற விருப்பத்துக்கும் தனி ஆவணம் உண்டு. 2018இல் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்து, 2023இல் எளிமையாக்கியது. இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று இருந்தால் போதும்.

நாங்க முஸ்லிம். பக்கத்து வீட்டுக்காரங்க கிறிஸ்டியன். எல்லாருக்கும் இதே சட்டம்தானா?

இல்லை. முஸ்லிம்கள் கடன், இறுதிச் செலவு போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால், வாரிசுகள் சம்மதித்தால்தான் அது நிற்கும். சுன்னி முஸ்லிம்களில் ஒரு வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும், அதுவும் எழுதியவர் இறந்த பிறகு.

கிறிஸ்தவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். உயில் எழுதிய பின் திருமணம் செய்தால் அந்த உயில் ரத்து. சாட்சி போட்டவருக்கோ அவர் கணவன், மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. இந்துக்களுக்கு இந்த இரண்டு விதியும் இல்லை. ஆனாலும் சாட்சியைப் பற்றி நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மெட்ராஸ்ல ஒரு வீடு இருக்கு. புரொபேட் எடுத்தே ஆகணுமா?

உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் புரொபேட். சென்னையில் எழுதிய உயிலுக்கும், சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி எல்லைக்குள் உள்ள வீடு, நிலத்துக்கும் இந்துக்கள் புரொபேட் எடுத்தாக வேண்டும் என்று நெடுங்காலமாக இருந்தது. அதற்குக் காரணமான இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. திருச்சி, மதுரைச் சொத்துகளுக்கு முன்பும் கட்டாயமில்லை. தகராறு வரும் என்று தெரிந்தால், கட்டாயம் இல்லாவிட்டாலும் புரொபேட் எடுத்துக்கொள்வது நல்லது.

அப்பா போன மாசம் தவறிட்டார். பீரோவுல உயில் இருக்கு. இப்ப என்ன செய்யணும்?

முதலில் அதில் எதையும் எழுதாதீர்கள், கிழிந்திருந்தால் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரு பக்கமும் படம் எடுத்து உடன்பிறந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். மறைத்து வைத்தால் நல்ல உயில்மீதும் சந்தேகம் வரும். சாட்சிகள் எங்கே இருக்கிறார்கள் என்று அன்றே விசாரியுங்கள். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு யாருக்கு என்று எழுதியிருந்தால் அவரிடம் சொல்லுங்கள்.

பதிவாகாத உயிலை இறந்த பிறகும் நிறைவேற்றுநரோ பங்கு பெறுபவரோ பதிவுக்குக் கொண்டுபோகலாம். பிறகு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உயில் இவற்றோடு பட்டா மாறுதல், வீட்டுவரி, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றாக மாற்றுங்கள். கடன் இருந்தால் முதலில் அது தீர வேண்டும், மிஞ்சியதுதான் பங்கு. அப்பாவுக்கு வேறு வங்கியில் கணக்கு இருந்ததா என்று தெரியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பத்து ஆண்டுக்கு மேல் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட்டுகள் அதில் வரும், உரிய வாரிசு இப்போதும் கேட்டு வாங்கலாம்.